இரண்டு மருந்து, ஒரு மாத்திரை. விளக்கம் மட்டும் பூஜ்யம்!

71 வயது நெசவாளித் தோழர் ஒருவர் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறார். ஐம்பது ஆண்டு காலம் குழித்தறி மிதித்தவர். போலீஸ் தடியடிக்கும் படுக்காத மனிதர். ஓர் இரவு ஒரு மணிக்கு மூத்திரம் போக எழுந்தார். கண் இருட்டியது. வாசற்படியில் விழுந்தார். அவ்வளவுதான்.

"வயசாயிடுச்சு, விழுந்துட்டாரு" என்றார்கள் அக்கம்பக்கத்தார். "ராத்திரி வேளையில் ஜாக்கிரதையாக எழுந்திருக்கக் கூடாதா?" என்று அவரையே கேட்டார் ஆஸ்பத்திரியில் ஒருவர். குற்றம் கிழவர் தலையில் விழுந்தது. வழக்கு முடிந்தது!

முடியவில்லை. அவருடைய துணிப்பையில் இருந்த மருந்து அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. இரண்டு கம்பெனி, இரண்டு பெயர். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எறும்பு எழுத்தில் இருந்த இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்தேன். நீல அட்டையில் இரண்டு மருந்துகள் சேர்ந்திருந்தன: டாம்சுலோசின், டூட்டாஸ்டெரைடு. சிவப்பு அட்டையில் ஒரே மருந்து. அது என்ன? அதே டாம்சுலோசின்!

முதல் அட்டை எங்கள் ஊர் டாக்டர் எழுதியது. இரண்டாவது, மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்த ஊர் டாக்டர் எழுதியது. முதல் சீட்டு வீட்டிலேயே இருந்துவிட்டது. கிழவர் இரண்டையும் விழுங்கினார். போதாக்குறைக்கு ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை வேறு. பணியிலிருந்த இளம் டாக்டர் மூன்று அட்டைகளையும் பார்த்தார். "எழுந்தவுடன் ரத்த அழுத்தம் சாய்ந்திருக்கும். அதுதான் விழுந்திருப்பார்" என்றார்.

நெசவாளித் தோழர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "தோழரே, அட்டை ரெண்டும் வேற வேற கலரு. ரெண்டும் ஒரே மருந்துன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் யார்? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எழுதுகிறவன் டாக்டர் அல்ல, எஸ்.எஸ்.எல்.சி. படித்தவன். தெரிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் சரிபார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது?

ஆண்களுக்கு மூத்திரப் பையின் கழுத்தடியில் பிராஸ்டேட் என்ற சுரப்பி இருக்கிறது. வாலிபத்தில் நெல்லிக்காய் அளவு. மூத்திரக் குழாய் அதற்கு நடுவே ஓடுகிறது. வயதாக ஆக இந்தச் சுரப்பி பருக்கிறது. 60 வயதைத் தொட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த வீக்கம் உண்டு. இது புற்றுநோய் அல்ல. எல்லோருக்கும் தொல்லை கொடுப்பதும் இல்லை. தொல்லை கொடுத்தால், குழாய் நெருக்கப்படுகிறது. முக்கினால்தான் மூத்திரம் வருகிறது. சொட்டுச் சொட்டாக வருகிறது. இரவில் நாலு தடவை, ஐந்து தடவை எழுப்புகிறது.

உழைப்பாளிக்கு இது எத்தனை கொடுமை! இரவுக் காவலாளி, பஸ் டிரைவர், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர் யாரும் வாய் திறப்பதில்லை. வெளியே போய்க்கொண்டே இருக்க நேருமே என்று தண்ணீர் குடிப்பதை நிறுத்துகிறார்கள். சங்கக் கூட்டத்தில் நாலு தடவை எழுந்து போகிற மூத்த தோழரைப் பார்த்துச் சிரிக்கிற வாலிபர்களும் நம்மிடம் உண்டு. இந்த வெட்கத்தில்தான் சிலர் பிழைக்கிறார்கள். "ஆபரேஷன் இல்லாமல் கரைக்கிறோம்" என்று லாட்ஜில் அறை போட்டு உட்காரும் வைத்தியர் ஒரு பக்கம். சீட்டில்லாமலே "இதைப் போடுங்க பெரியவரே" என்று அட்டையை வெட்டிக் கொடுக்கும் கடைக்காரர் மறு பக்கம்.

கூட்டு மருந்தே மோசடியா? இல்லை!

இங்கே நம் தோழர்கள் சிலரோடும் சண்டை போட வேண்டியிருக்கிறது. "கம்பெனிக்காரன் இரண்டைக் கலந்து விற்கிறான், எல்லாம் ஏமாற்று" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதுகிறார்கள். இது விஞ்ஞானம் அல்ல. கோபம் மட்டும் போதாது தோழர்களே, விஷயமும் வேண்டும்.

இரண்டு மருந்துக்கும் வேலை வேறு. டாம்சுலோசின், மூத்திரப் பையின் கழுத்திலும் சுரப்பியிலும் இறுகிக் கிடக்கும் தசையைத் தளர்த்துகிறது. சில நாட்களிலேயே குணம் தெரியும். ஆனால் சுரப்பி சிறுக்காது. டூட்டாஸ்டெரைடும் ஃபினாஸ்டெரைடும் வேறு வழியில் போகின்றன. சுரப்பியைப் பருக்க வைக்கும் ஆண் ஹார்மோன் உண்டாவதைத் தடுக்கின்றன. சுரப்பி மெல்ல மெல்லச் சிறுக்கும். பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். ஒன்று கதவைத் தளர்த்துகிறது. மற்றது அடைப்பைக் குறைக்கிறது.

இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடுதலா? ஆம். 2003-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று அமெரிக்க அரசின் சுகாதார நிறுவனத்தின் உதவியோடு 3047 பேரிடம் நடந்தது. வெற்று மாத்திரை தின்றவர்களோடு ஒப்பிட்டால், நோய் முற்றும் அபாயத்தை டாக்ஸாசோசின் என்ற தளர்த்தும் மருந்து 39 சதவீதம் குறைத்தது. ஃபினாஸ்டெரைடு 34 சதவீதம் குறைத்தது. இரண்டும் சேர்ந்து 66 சதவீதம் குறைத்தன. 4844 பேரிடம் நாலு ஆண்டு நடந்த இன்னொரு ஆராய்ச்சி 2010-ல் முழுமையாக வெளியாயிற்று. டாம்சுலோசினை மட்டும் தின்றவர்களைவிட, டூட்டாஸ்டெரைடையும் சேர்த்துத் தின்றவர்களுக்கு மூத்திரம் அடைத்துக்கொள்வதும் ஆபரேஷனுக்குப் போவதும் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தன. இதற்குப் பணம் போட்டது மருந்தை விற்கும் கம்பெனி. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனாலும் பலன் பலன்தான்.

ஆனால், யாருக்குப் பலன்? சுரப்பி நன்றாகப் பருத்தவர்களுக்கு. ஸ்கேனில் 30, 40 மில்லி லிட்டருக்கு மேல் அளவு காட்டுகிறவர்களுக்கு. சுரப்பி சிறிதாக உள்ளவருக்கு இரண்டாவது மருந்தால் லாபம் இல்லை. பக்க விளைவு மட்டுமே மிச்சம். அதே ஆராய்ச்சியில், கூட்டு மருந்து தின்றவர்களுக்குப் பக்க விளைவும் அதிகம் என்று எழுதியிருக்கிறதே! ஆசை குறைவது, விந்து வராமல் போவது, மார்பு வீங்கி வலிப்பது, தலை சுற்றுவது. இதை எந்த விற்பனைப் பிரதிநிதி எந்த நோயாளியிடம் வந்து சொன்னான்?

வசதி யாருக்கு?

"இரண்டு மாத்திரைக்குப் பதில் ஒன்று. கிழவர்களுக்கு மறக்காது. வசதிதானே?" என்கிறார்கள் கம்பெனிக்காரர்கள். வசதிதான். இரண்டு மருந்தும் வேண்டும், இரண்டும் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது என்று தெரிந்த பிறகு வசதிதான். முதல் நாளிலிருந்தே, ஸ்கேன் எடுக்காமலே, ரத்த அழுத்தம் பார்க்காமலே கூட்டு மாத்திரையை நீட்டுவது யாருக்கு வசதி?

தலை சுற்றினால் எந்த மருந்தைக் குறைப்பது? மார்பு வலித்தால் எதை நிறுத்துவது? ஒரே உறைக்குள் இரண்டும் அடைந்து கிடக்கின்றன, பிரிக்க வழியில்லை. தொல்லை மிதமாக உள்ளவர்களில் பலருக்கு, சில மாதம் இரண்டையும் கொடுத்த பிறகு தளர்த்தும் மருந்தை நிறுத்திப் பார்க்க முடியும் என்று ஆராய்ச்சி சொல்கிறது. கூட்டு மாத்திரையில் அந்த வாசல் மூடியாயிற்று. பத்து ஆண்டானாலும் இரண்டுக்கும் காசு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்!

ஆகவே சண்டை மருந்தோடு அல்ல. மருந்தைத் தின்கிறவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விற்கிற முறையோடுதான் சண்டை.

சொல்லாமல் விடுவது என்ன?

ஒவ்வொரு நோயாளியும் முதல் நாளே கேட்க வேண்டிய, ஒவ்வொரு டாக்டரும் கேளாமலே சொல்ல வேண்டிய விஷயங்கள் இவை.

ஒன்று: தளர்த்தும் மருந்து ரத்த அழுத்தத்தையும் சாய்க்கும். படுக்கையிலிருந்து சட்டென்று எழக் கூடாது. உட்கார்ந்து, சற்றுப் பொறுத்து, பிறகே எழ வேண்டும். டாம்சுலோசினைத் தினமும் ஒரே வேளையில், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் கழித்துத் தின்ன வேண்டும். ரத்த அழுத்தத்துக்கென்று பிராசோசின் தின்கிறவர்கள் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்; அதுவும் இதே இனத்து மருந்து. சில்டெனாஃபில் போன்ற ஆண்மை மாத்திரைகளை ரகசியமாக வாங்கித் தின்கிறவர்களும் வெட்கத்தை விட்டுச் சொல்ல வேண்டும். சேர்ந்தால் அழுத்தம் இன்னும் சாயும்.

இரண்டு: கண்புரை ஆபரேஷன். நம் கிராமங்களில் இலவச முகாமுக்கு வேன் வரும். கிழவர்கள் ஏறிப் போவார்கள். டாம்சுலோசின் தின்றவரின் கண்ணில், ஆபரேஷன் நேரத்தில் கருவிழித் திரை தளர்ந்து மடங்கித் தொல்லை கொடுக்கும் என்பதைக் கண் நிபுணர்கள் 2005-லேயே எழுதிவிட்டார்கள். முன்கூட்டித் தெரிந்தால் டாக்டர் தயாராக இருப்பார். மருந்தை எப்போதோ நிறுத்தியிருந்தாலும் சொல்ல வேண்டும். வேனில் ஏறும்போதே மருந்து அட்டை சட்டைப்பையில் இருக்கட்டும்!

மூன்று: புற்றுநோயைக் கண்டுபிடிக்க எடுக்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை. டூட்டாஸ்டெரைடோ ஃபினாஸ்டெரைடோ ஆறு மாதம் தின்றால் அந்த எண் ஏறக்குறைய பாதியாகிவிடும். 3 என்று வந்தால் 6 என்று கணக்கிட வேண்டும். மருந்து தின்பது தெரியாத டாக்டர், "எண் சரியாக இருக்கிறது, போங்கள்" என்று அனுப்பிவிடுவார். உள்ளே நோய் வளரும். மருந்து தொடங்கும் முன்பே ஒரு தடவை இந்தப் பரிசோதனையை எடுத்து வைப்பது நல்லது. குறைந்த எண் மீண்டும் ஏறத் தொடங்கினால் அலட்சியம் கூடாது. இந்த இன மருந்துகளை எடுத்தவர்களிடம் கடுமையான வகைப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டதாக 2011-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா எச்சரிக்கை சேர்த்தது. பயந்து ஓடுவதற்கல்ல, கணக்கோடு பார்ப்பதற்கு.

நாலு: வீட்டில் கிழவருக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது யார்? மகள், மருமகள், பேத்தி. டூட்டாஸ்டெரைடு தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். கர்ப்பத்தில் இருக்கும் ஆண் சிசுவின் உறுப்பு வளர்ச்சியைக் கெடுக்கும். உடைந்த, கசிந்த கேப்ஸ்யூலைக் கர்ப்பிணிகள் தொடவே கூடாது. தொட்டுவிட்டால் உடனே சோப்பால் கழுவ வேண்டும். கேப்ஸ்யூலைக் கடிக்கவோ திறந்து கொட்டவோ கூடாது. முழுசாக விழுங்க வேண்டும். இதைத் தமிழில் அச்சடித்து ஒரு வீட்டுக்காவது கொடுத்தார்களா?

ஐந்து: டூட்டாஸ்டெரைடு தின்கிறவர், நிறுத்தி ஆறு மாதம் வரை ரத்த தானம் செய்யக் கூடாது. அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போய்விடலாம். முகாம் நடத்துகிற நம் வாலிபர்கள் இதைக் கேட்டுப் பதிய வேண்டும். முடி உதிர்கிறதென்று இதே இன மருந்துகளைத் தின்கிற இளைஞர்களும் இதில் அடக்கம்.

ஆறு: ஜலதோஷ மாத்திரை! கடையில் சும்மா வாங்கும் சளி மாத்திரைகளில் குளோர்பெனிரமின், சூடோஎபெட்ரின் போன்றவை உண்டு. வீங்கிய சுரப்பி உள்ளவருக்கு அது மூத்திரத்தையே அடைத்துவிடும். வயிறு முட்டி, ஒரு சொட்டும் வராமல் துடித்தால் விடியட்டும் என்று காத்திராதீர்கள், உடனே ஆஸ்பத்திரி. மூத்திரத்தில் ரத்தமோ, காய்ச்சலோடு எரிச்சலோ வந்தாலும் அப்படியே.

ஏழு: ஒரு மாதம் தின்று "குணமில்லை" என்று நிறுத்துவதும் தப்பு. சீட்டைப் புதுப்பிக்காமல் வருஷக்கணக்கில் தின்றுகொண்டே இருப்பதும் தப்பு.

இந்த ஏழையும் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷம் கிடைக்காததால் ஒரு நெசவாளியின் இடுப்பு முறிந்தது!

பெயரில் இருக்கிறது மர்மம்

ஒரே மருந்துக்கு எத்தனை பெயர்! கம்பெனிக்கு ஒரு பெயர், பெயருக்கு ஒரு நிறம், நிறத்துக்கு ஒரு விலை. இது நேற்று வந்த நோய் அல்ல. வியாபாரப் பெயர்களைப் படிப்படியாக ஒழித்து மருந்தின் பொதுப் பெயரிலேயே விற்க வேண்டும் என்று, சர்க்காரே நியமித்த ஹாத்தி கமிட்டி 1975-ல் அறிக்கை கொடுத்தது. ஐம்பது ஆண்டு ஓடிவிட்டது. அறிக்கை தூசி தின்கிறது; ஜனங்கள் மருந்து தின்கிறார்கள்.

கலப்பு மாத்திரைகளின் கதை இன்னும் கேவலம். மத்திய அதிகாரியின் அங்கீகாரமே இல்லாமல் மாநில அதிகாரிகள் பல கலவைகளுக்கு லைசென்ஸ் கொடுத்துவிட்டதை 2012-ல் பார்லிமெண்டுக் கமிட்டியே அம்பலமாக்கியது. 2016 மார்ச்சில் 344 கலவைகளுக்குத் தடை போட்டார்கள். கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின, தடை விழுந்தது. சுப்ரீம் கோர்ட் வரை போய், மறுபடி ஆராய்ந்து, 2018 செப்டம்பரில் 328 கலவைகளைத் தடுத்தார்கள். 2024 ஆகஸ்டில் மேலும் 156. தடை வருவதற்கு முன் அவற்றை விழுங்கியவர்களுக்கு யார் ஜவாப்? டாம்சுலோசினும் டூட்டாஸ்டெரைடும் சேர்ந்த மாத்திரை அப்படிப்பட்ட பொய்க் கலவை அல்ல. அதை மேலே ஒப்புக்கொண்டோம். ஆனால் நல்ல கலவைக்கும் பொய்க் கலவைக்கும் ஒரே மாதிரி மினுமினுக்கும் அட்டை, ஒரே மாதிரி மர்மப் பெயர். சாமானியன் எதைக் கொண்டு பிரித்தறிவது?

2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம், டாக்டர்கள் பொதுப் பெயரில்தான் எழுத வேண்டும் என்று புது விதிகள் போட்டது. டாக்டர் சங்கங்களிடமிருந்து எதிர்ப்பு கிளம்பியது. அதே மாதத்திலேயே விதிகள் நிறுத்தி வைக்கப்பட்டன! "பொதுப் பெயர் மருந்தின் தரத்துக்கு யார் உத்தரவாதம்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடை, தரத்தைப் பரிசோதிப்பது, மருந்து ஆய்வாளர்களை நியமிப்பது, ஆய்வுக்கூடங்களைக் கூட்டுவது. பெயரை மறைப்பது எப்படித் தரத்துக்கு உத்தரவாதமாகும்?

பொதுப் பெயரில் வாங்க முடியாதா? தமிழ்நாட்டில் சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கும் மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் அப்படித்தான் வாங்குகிறது. பரிசோதித்து வாங்குகிறது, இலவசமாகக் கோடிக்கணக்கான ஜனங்களுக்குப் போகிறது. சர்க்கார் ஆஸ்பத்திரி ஜன்னலில் முடிவது கடைத்தெருவில் ஏன் முடியாது? முடியாமல் இல்லை, லாபம் விடவில்லை!

"படிக்காதவனுக்கு எதற்கு?"

கடைசியாக ஒரு வாதம் எடுத்து வருவார்கள்: "படிக்காத கிழவனுக்கு மருந்துப் பெயரைச் சொல்லி என்ன ஆகப் போகிறது? பயந்து மருந்தையே நிறுத்திவிடுவான்."

மேதாவிகளே! நூல் நம்பர் தெரியும் அந்தக் கிழவருக்கு. சாயத்தில் எது எவ்வளவு கலக்க வேண்டும், எதோடு எது சேரக் கூடாது என்று தெரியும். பாவில் ஓர் இழை மாறினால் இருட்டில் விரலால் தடவிச் சொல்லுவார். இரண்டு மருந்தின் பெயர் அவருக்குப் புரியாதா? புரிய வைக்க உங்களுக்கு நேரமில்லை என்று சொல்லுங்கள். அவருக்கு அறிவில்லை என்று சொல்லாதீர்கள்.

நாம் கேட்பது இவ்வளவுதான்:

மருந்தின் பொதுப் பெயர் அட்டையில் தமிழிலும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். பொதுப் பெயரைப் பெரிதாக அச்சிட 2018-லேயே விதி வந்துவிட்டது. ஆனால் இங்கிலீஷ் தெரியாதவனுக்கு அந்தப் பெரிய எழுத்தால் என்ன பயன்? அட்டையை வெட்டி விற்றால், பெயரும் தேதியும் எழுதிய சீட்டு கூடவே வர வேண்டும்.

டாக்டர் சீட்டு பொதுப் பெயரில், படிக்கிற எழுத்தில் இருக்க வேண்டும்.

கூட்டு மருந்து எழுதும் முன் ஸ்கேன், பி.எஸ்.ஏ., ரத்த அழுத்தம் மூன்றும் பார்க்க வேண்டும். சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இந்தச் சோதனைகளும், இரண்டு மருந்தும் தனித்தனியாகவும் தட்டுப்பாடின்றிக் கிடைக்க வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும் மாதம் ஒரு மாலை மூத்த தோழர்களைக் கூப்பிடுங்கள். "உங்கள் மருந்து அட்டைகளை எல்லாம் கொண்டு வாருங்கள்" என்று சொல்லுங்கள். இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த ஒரு வாலிபர் உட்கார்ந்து, ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு தாளில் அந்த மருந்துகளைத் தமிழில் எழுதிக் கொடுக்கட்டும். ஒரே பெயர் இரண்டு அட்டையில் இருந்தால் வட்டம் போடட்டும். எதையும் நிறுத்தச் சொல்லவோ தின்னச் சொல்லவோ நமக்கு அதிகாரம் இல்லை. அந்தத் தாளோடு டாக்டரிடம் போகட்டும். டாக்டர் முடிவு செய்யட்டும். எங்கள் தாலுக்காவில் தொடங்கிவிட்டோம். முதல் மாலையில் முதல் தாளை எழுதும்போது, கட்டிலில் கிடந்தபடியே அந்த நெசவாளித் தோழர் சொல்லியனுப்பிய வார்த்தை எங்கள் காதில் இருந்தது:

"கலரைப் பாக்காதீங்க தோழர்களே, பேரைப் படிங்க!"